சென்னையில் பிறந்தவரும் பனிச்சறுக்குப் பலகையும்



கொல்லி மலையின் 14 நாடுகளுள் எடப்புளி நாடும் ஒன்று. மார்கழி, தைத் திங்களில் இங்கு விடியற்காலையில் வாயிற்படியில் நின்று நோக்கினால், மிளகுக் கொடி படர்ந்த மரங்கள் பத்தடிக்கு அப்பால் மறைந்து போயிருக்கும். அதைப் பனி என்கிறோம். புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் பனி என்கிறோம். இமயத்தின் முகட்டில் ஆளுயரம் குவிந்து கிடக்கும் வெண்பொருளுக்கும் அதே பெயர்தான். இந்தச் சொற்சிக்கனம் நமக்குப் போதுமானது. நம்மூர்ப் பனியின்மேல் எவரும் நடக்க வேண்டியதில்லை. உறைந்த பனியின்மேல் நடந்தும் சறுக்கியும் வாழ வேண்டியவர்களுக்கோ ஒரு சொல் போதாது. இன்று காலை விழுந்த பஞ்சு போன்ற பனி வேறு. காற்றடித்து இறுகிய பனி வேறு. பகலில் இளகி இரவில் மீண்டும் உறைந்து கல்லாய்ப் போன பனி வேறு. இவை மூன்றும் ஒரே மலைச்சரிவில், ஒரே நாளில், அடுத்தடுத்துக் கிடப்பதும் உண்டு.

அத்தகைய சரிவில் இறங்குபவன் தன் காலில் எந்தப் பலகையைக் கட்டிக்கொள்வது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இக்கேள்வியின் வரலாறு. பனியே காணாத தமிழ்நாட்டிற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. இக்கேள்வியை உலகப் போட்டிக் களத்திற்குக் கொண்டுவந்தவர், 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சென்னை நகரில் பிறந்தவர்.

அவரிடம் செல்லுமுன் பலகையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். சேற்று வயலில் பரம்படிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெறுங்காலுடன் இறங்கினால் முழங்கால்வரை புதைகின்ற அதே சேற்றில், பரம்புப் பலகையின்மேல் நிற்கும் உழவர் புதையாமல் வழுக்கிச் செல்கிறார். அவருடைய எடை பலகை முழுவதும் பரவிவிடுவதே காரணம். ஆங்கிலேயர் ஸ்கீ என்று வழங்கும் பனிச்சறுக்குப் பலகை செய்யும் முதல் வேலை இதுவே. ஸ்கீ என்பது வடபுலத்துப் பழஞ்சொல். பிளந்த மரத்துண்டு என்பது அதன் பொருள். மெத்தென்ற பனிக்கு அகன்ற பலகை நல்லது என்பது இதனால் விளங்கும். ஆனால் இறுகிய பனியில் புதைவதற்கே இடமில்லை. அங்கே கவலை வேறு: எண்ணெய் சிந்திய கருங்கல் தளத்தில் கால் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போகும். அங்கு வேண்டியது அகலமன்று. கத்தி போன்ற விளிம்பு. அகன்ற பலகையை ஒருக்களித்து விளிம்பில் நிறுத்துவது கடினம். ஒடுங்கிய பலகைக்கு அது எளிது. ஆகவே, ஒரு பனி வேண்டுவதை மற்றொரு பனி வேண்டாம் என்கிறது. பல நூற்றாண்டுகளாகப் பலகை செய்தவர்கள் அனைவரும் இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுத் திண்டாடியவர்களே.

பலகையின் தொன்மை வியப்புக்குரியது. சுவீடன் நாட்டில் கால்வ்திரஸ்க் என்னுமிடத்தில் கிடைத்த பலகைக்கு ஏறத்தாழ 5,200 வயது. நார்வே நாட்டின் டிகர்வார்டன் மலையில் பனிப்பாளம் உருகியபோது 2014இல் ஒரு பலகையும், ஏழாண்டு கழித்து 2021இல் அதன் இணையும் வெளிப்பட்டன. அவற்றின் அகவை சுமார் 1,300 ஆண்டு. இணை பிரிந்த செருப்பை ஏழாண்டு காத்திருந்து மலை திருப்பித் தந்தது போலும்! மத்திய ஆசியாவின் அல்தாய் மலைமக்கள் இன்றும் பலகையின் அடியில் குதிரைத் தோலைப் போர்த்துகிறார்கள். மயிர் பின்நோக்கிப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும். ஏறும்போது பின்னே நழுவவிடாது. வேட்டையாடிப் பிழைப்பவனுக்கு ஏற்றமும் இறக்கமும் ஒன்றுபோல் வேண்டும் அன்றோ! அவனைப் பொறுத்தவரை, எல்லாப் பனிக்கும் உதவுகின்ற ஒரே பலகை என்பது விருப்பத்தால் தேடியதன்று. இரண்டாவது பலகையைச் சுமக்க அவனுக்குத் தோள் இல்லை.

விளையாட்டுக்குரிய பலகை நார்வேயின் தெலமார்க் மாவட்டத்தில் உருப்பெற்றது. மோர்கெடால் என்ற சிற்றூரில் 1825இல் பிறந்த சோன்ரே நூர்ஹைம் ஓர் ஏழைக் குடியானவர். அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. குதிகாலைச் சுற்றிலும் முறுக்கிய மரநாரால் கட்டுப் போட்டார். பலகை காலோடு ஒட்டி நின்றது. பலகையின் நடுப்பகுதியை உடுக்கையின் இடைபோலச் சிறுக்கச் செதுக்கினார். பலகை திரும்பக் கற்றுக்கொண்டது.

திரும்புவதற்கு அவ்வளவு சிறப்பு என்ன? காரவள்ளி அடிவாரத்திலிருந்து நம் மலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அந்த வளைவுகள் இல்லாமல் சாலையை நேராகக் கீழே விட்டிருந்தால் பேருந்தின் கதி என்ன ஆகும்? சறுக்குபவனுக்கும் அதே நிலைதான். அவன் வளைந்து வளைந்து இறங்கினாலன்றி வேகத்தை அடக்க முடியாது. இடை சிறுத்த பலகையை ஒருக்களித்து அழுத்தினால், அதன் நடுப்பகுதி பனியைத் தொடுமட்டும் வில்லாக வளைகிறது. அந்த வில்லின் வழியே தானாகத் திரும்புகிறது. வல்வில் ஓரி ஆண்ட மலையில் வில்லின் இயல்பை நான் விளக்க வேண்டியதில்லை. நூர்ஹைம் 1868இல், தமது 42ஆம் வயதில், சுமார் 200 கிலோமீட்டர் பனியில் சறுக்கியே கிறிஸ்தியானியா நகருக்கு, அதாவது இன்றைய ஓஸ்லோவுக்குச் சென்று போட்டியில் கலந்து வென்றார். பிற்காலத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து 1897இல் அங்கேயே மறைந்தார். அவர் செதுக்கிய அந்த இடை இன்றும் பெரும்பாலான பலகைகளில் இருக்கிறது.

நார்வேயின் குன்றுகள் பெரும்பாலும் சாய்வு குறைந்தவை. ஆல்ப்ஸ் மலையோ செங்குத்தானது. ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள நார்வேப் பலகையுடன் ஆல்ப்ஸ் சரிவில் திரும்ப முயல்வது, குறுகிய சந்தில் மாட்டு வண்டியைத் திருப்புவது போன்றது. ஆஸ்திரியாவில் லிலியன்பெல்ட் என்ற ஊரில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி பலகையைக் குறுக்கினார். இரும்பாலான கட்டு ஒன்றையும் அமைத்தார். 1896இல் நூல் எழுதினார். வாயில்களின் ஊடே சறுக்கும் போட்டி ஒன்றை 1905இல் நடத்தினார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை நான் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

இனிச் சென்னைக்கு வருவோம். ஹென்றி லன் என்ற ஆங்கில மருத்துவர் மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராக 1887இல் இந்தியா வந்தார். உடல்நலம் இடங்கொடாமையால் ஓராண்டளவில் திரும்பினார். அதற்கிடையில் சென்னையில் பிறந்த மகனே ஆர்னால்டு லன். இங்கிலாந்து சென்ற ஹென்றி, இந்தியாவில் பணிபுரிந்த மறைப்பணியாளர்களின் வாழ்க்கைமுறையைக் கண்டித்து எழுதினார். அதனால் திருச்சபையில் பெரும் பூசல் மூண்டது. பின்னர் 1892இல், பிரிந்து கிடந்த கிறித்தவ சபைகளை ஒன்று சேர்க்கும் நோக்கத்துடன் சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் மாநாடு கூட்டினார். சபைகள் ஒன்று சேரவில்லை. ஆனால் மாநாட்டுக்கு ஆட்களை அழைத்துச் சென்ற ஏற்பாடு பயணத் தொழிலாக வளர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் மூடிக் கிடந்த மலை விடுதிகளுக்கு ஆங்கிலேயரை அழைத்துச் செல்லலானார். 1898இல் சாமோனி நகருக்குச் சென்றபோது பத்து வயது ஆர்னால்டின் காலில் முதன்முதலாகப் பலகை ஏறிற்று. சென்னையில் ஒருவருக்கு உடல்நலம் கெடாமல் இருந்திருந்தால் பனிச்சறுக்கின் வரலாறு எவ்வாறு போயிருக்குமோ! வரலாறு இப்படிப்பட்ட கிளைவழிகள் நிறைந்தது.

1911ஆம் ஆண்டு சனவரியில், ஆர்னால்டு லன் தமது 22ஆம் வயதில், சுவிட்சர்லாந்தின் மொந்தானாவில் ஒரு பந்தயம் நடத்தினார். முந்திய நாள் மலைக்குடிலுக்கு ஏறி அங்கே இரவைக் கழித்து, மறுநாள் பிளேன் மோர்த் என்னும் பனியாற்றிலிருந்து ஊர்வரை சறுக்கிவர வேண்டும். ஒழுங்குபடுத்திய தடம் கிடையாது. பனியாறு, திறந்த சரிவு, காடு என ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைப் பனி. அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டார்கள். முதலில் வந்தவர் வென்றவர். இப்பந்தயத்திற்குத் தம் பெயரால் கோப்பை அளித்தவர் காந்தகாரின் ராபர்ட்ஸ் பிரபு. ஆப்கானியப் போரில் காந்தகாரை மீட்டதனால் அப்பட்டம் பெற்ற அந்தத் தளபதி, 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கியவர். பிற்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் காந்தகார் கழகம், காந்தகார் பந்தயம், காந்தகார் கட்டு என்ற பெயர்கள் எப்படி வந்தன என்று வியப்பவர்களுக்கு விடை இதுவே.

அப்பந்தயத்திற்கு ஈராண்டு முன்னரே, 1909இல், வேல்ஸ் நாட்டில் மலையேறுகையில் விழுந்து லன் ஒரு காலை முறித்துக்கொண்டார். அக்கால் மற்றதைவிடச் சில அங்குலம் குட்டையாயிற்று. அக்காலுடன்தான் 1917இல் டோம் சிகரத்திற்கும், 1924இல் தோழர் மூவருடன் ஐகர் சிகரத்திற்கும் பலகையோடு ஏறினார். உயர்மலையில் எந்தத் திங்களில், எந்த நேரத்தில், எந்தத் திசைச் சரிவில் பனி எப்படி இருக்கும் என்று நூல் எழுதினார். ஒரு காலின் வலு குறைந்தவன் பனியின் குணத்தை அறிந்தே பிழைக்க வேண்டும்.

1922 சனவரியில் மூரன் என்ற மலையூரில் அவர் நடத்திய சிலாலம் போட்டியே இன்றைய முறைக்கு அடிப்படை. கொடிக்கம்பங்களை இரண்டிரண்டாக நட்டு, அவற்றினூடே வளைந்து செல்ல வேண்டும் என்றார். அதற்குமுன் நடுவர்கள் திருப்பத்தின் அழகைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். லன் அதனை ஒதுக்கினார். கடிகாரமே நடுவர் என்றார். ஸ்தார்ஸ்கி முன்னரே வாயில் நட்டவர் என்பதால் லன்னை இதன் தந்தை என்பது சரியன்று என வாதிடுவோர் உளர். என் கருத்து இது: வாயிலை முதலில் நட்டவர் ஸ்தார்ஸ்கி, அழகுக்கு இட்ட மதிப்பெண்ணை நீக்கி அதை உலகம் ஏற்கச் செய்தவர் லன். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

ஏற்கச் செய்வது எளிதாயிருக்கவில்லை. நெடுந்தொலைவு ஓட்டமும், மேட்டிலிருந்து தாவுதலுமே மெய்யான பனிச்சறுக்கு என்பது நார்வேக்காரர் கொள்கை. மலையிலிருந்து இறங்குவது மட்டும் ஒரு திறமையா என்று அவர்கள் கேட்டனர். 1930இல் ஓஸ்லோவில் கூடிய பன்னாட்டுப் பேரவையில்தான் இறக்கப் பந்தயமும் சிலாலமும் ஏற்கப்பட்டன. மறு ஆண்டு மூரனில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1936இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றன. அங்கு ஆடவர் இறக்கப் பந்தயத்தில் முதலாக வந்தவர் யார் தெரியுமா? தாவுதலில் புகழ்பெற்ற நார்வே வீரர் பிர்கர் ரூட்! மகளிரிலும் நார்வேயின் லைலா ஷூ நில்சனே முதலில் வந்தார்.

கடிகாரம் நடுவரானதும் பலகையின் தலைவிதி மாறிற்று. பந்தயத் தடத்தைப் பலர் மிதித்து இறுக்கினர். இறுகிய பனியில் வேகம் மிகுந்தது. வேகம் மிகுந்ததும் வெறும் மரவிளிம்பு தேய்ந்தும் சிதைந்தும் போயிற்று. ஆஸ்திரிய மலையேறியான ருடால்ப் லெட்னர், இறுகிய சரிவொன்றில் நழுவி, ஊன்றுகோலின் இரும்பு முனையால் உயிர் தப்பினார் என்பர். அந்த இரும்பு பலகையின் விளிம்பிலேயே இருந்தால் என்ன என்று எண்ணி எஃகு விளிம்புக்கு 1926இல் காப்புரிமை பெற்றார். என் மதிப்பில் நூர்ஹைமின் இடைக்கு அடுத்த பெரிய மாற்றம் இதுதான். 1930களில் ஒட்டுப்பலகை வந்தது. 1950இல் அமெரிக்க விமானப் பொறியாளர் ஹோவர்டு ஹெட், மர உள்ளீட்டின் இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது மெத்தென்ற பனியில் மிக எளிதாகத் திரும்பிற்று. அதனால் ஏமாற்றுப் பலகை என்றுகூட அதைக் கேலி செய்தார்கள். கடும்பனியில் அதுவே நடுங்கிற்று. இடையில் ரப்பர் அடுக்கு வைத்த பிறகே நடுக்கம் தணிந்தது. 1960 ஒலிம்பிக் இறக்கப் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் ழான் வுவார்னே வென்றது உலோகப் பலகையில். அவ்வாண்டுகளிலேயே கண்ணாடி இழைப் பலகையும் வந்து சேர்ந்தது.

இவையெல்லாம் கடும்பனியின் வெற்றிகள். இழுவைக் கயிறுகளும் தொங்கு ஊர்திகளும் பெருக, மக்கள் மேலும் மேலும் ஒரே தடத்தில் இறங்க, மலையின் பல்வேறு பனிகளைப் பற்றிய அறிவு தேவையற்றதாயிற்று. மிதித்து இறுகிய தடத்தின் ஆட்சியைக் குறித்து முதுமையில் வருந்தியவர்களுள் லன்னும் ஒருவர். பனியாற்றிலிருந்து காடுவரை எல்லாப் பனியையும் கடந்து வருவதைப் பந்தயமாக்கிய மனிதருக்கு அவ்வருத்தம் இயல்பே. 1952இல் சர் பட்டம் பெற்ற அவர் 1974இல் மறைந்தார்.

அவர் கேட்ட கேள்வி அவருக்குப் பின்னர்தான் பலகையில் விடை கண்டது. 1980களின் இறுதியில் ஆழ்பனிக்கென்று மிக அகன்ற பலகை வந்தது. 1993இல் சுலோவேனியாவின் ஈலான் தொழிலகம் முனையும் வாலும் நன்கு அகன்று இடை மிகவும் சிறுத்த பலகையைக் கொணர்ந்தது. பழைய பலகையைவிடப் பாதிக்கும் குறைவான வட்டத்தில் அது திரும்பிற்று. ஷேன் மெக்கான்கி என்ற வீரர் நீர்ச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் பார்த்தார். தோணியின் அணியம்போல் முனை மேல்நோக்கி வளைந்த பலகை 2002இல் கடைக்கு வந்தது. இந்த மூன்று வழிகளும் பின்னர் ஒன்றாயின. நடுவில் வில், முனையில் தோணி, விளிம்பில் எஃகு, உள்ளே மரமும் மெல்லிய உலோகத் தகடும். முழுமலைப் பலகை என்று இன்று சொல்லப்படுவது இதுதான்.

தேர்ந்தெடுப்பது எப்படி? குல்மார்க்கிலோ ஆவ்லியிலோ பயிற்சிக்குப் போகும் வாய்ப்பு உங்களில் சிலருக்குக் கிட்டலாம், ஆதலின் சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது இடையின் அகலம். 80 மில்லிமீட்டருக்குக் குறைந்தது இறுகிய தடத்திற்கு உரியது. 105க்கு மேற்பட்டது ஆழ்பனிக்கு உரியது. 80 முதல் 100 வரை கலப்புப் பனிக்கு. இவற்றுள் கடும்பனியே மிகுதியாகக் கிடைக்கும் இடத்தில் 90க்குக் கீழேயே நிற்பது அறிவுடைமை. மெத்தென்ற பனியில் பலகை சற்றுப் புதைந்தால் இழப்பு கொஞ்சம் வேகம். கடும்பனியில் பிடி தவறினால் இழப்பு எலும்பு. அடுத்தது முறுக்குக்கு இணங்காத உறுதி. பலகையின் இரு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் திருகிப் பாருங்கள்; எளிதில் திருகினால் கடும்பனியில் விளிம்பு பிடிக்காது. உலோகத் தகடு உள்ளது நடுக்கத்தை அடக்கும்; ஆனால் கனக்கும். முனை மட்டும் மேல்வளைந்து, நடுவில் வில் இருப்பதே கலப்புப் பனிக்கு ஏற்றது. முழுவதும் தோணியாக வளைந்தது கடும்பனியில் விளிம்பின் பெரும்பகுதியை அந்தரத்தில் விட்டுவிடும். நீளம், பழகுபவனுக்கு மோவாய்வரை, தேர்ந்தவனுக்கு நெற்றிவரை. இவ்வளவும் பார்த்து வாங்கிய பலகையின் எஃகு மழுங்கியிருந்தால் அத்தனையும் வீண். அரிவாள் தீட்டாதவன் கதிர் அறுக்கப் போன கதைதான். முதற்பருவத்தில் விலைகொடுத்து வாங்காமல் வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று வகைகளை மாற்றிப் பார்ப்பது நலம்.

நம் நாட்டுப் பனியைப் பற்றியும் ஒரு சொல். குல்மார்க்கில் ஆங்கில அதிகாரிகள் 1927இல் சறுக்குக் கழகம் தொடங்கினர். 1948இல் நம் இராணுவத்தின் 19ஆம் காலாட்படைப் பிரிவு அங்கே சறுக்குப் பள்ளி அமைத்தது. அதுவே பின்னர் உயர்மலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்தது. ஊர் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து தொங்கு ஊர்தி அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலேயே கொண்டு விடுகிறது. ஊருக்கருகே மிதித்து இறுகிய தடம். தேவதாருக் காட்டின் நிழலில் மெத்தென்ற பனி. மரமே இல்லாத மேற்சரிவில் காற்றடித்து இறுகியது. ஒரே இறக்கத்தில் மூன்றையும் காணலாம். 1911இல் மொந்தானாவில் இறங்கியவர்கள் கண்டதும் ஏறத்தாழ இதுவே.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயர் முதன்முதலாக 1964இல் இன்ஸ்புருக்கில் ஒலித்தது. பங்கேற்றவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி. 2022இல் பெய்ஜிங்கில் நம் நாட்டின் சார்பில் தனியொருவராகப் போட்டியிட்டவர் ஆரிப் கான். குல்மார்க்கின் அடிவாரத்தைச் சேர்ந்தவர். அவர் தந்தை குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை வைத்திருந்தவர். பெய்ஜிங்கின் தடம் இயந்திரத்தால் செய்த பனி, கல்லைப்போல் இறுகியது. பெருஞ்சிலாலத்திற்கு ஆடவர் பலகை 193 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, இடை 65 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது என்பது விதி. கடும்பனிக்கென்றே பிறந்த பலகை அது. போட்டி நாளான பிப்ரவரி 13ஆம் தேதியோ வானம் இருண்டு இயற்கைப் பனி கொட்டிற்று. கல்லின்மேல் பஞ்சு. கொடிகள் கண்ணுக்குத் தெரியாமல் பலர் தவறி வெளியேறினர்; இரண்டாம் ஓட்டம் தாமதமாகத் தொடங்கிற்று. ஆரிப் கான் இரண்டு ஓட்டங்களையும் முடித்து 45ஆம் இடம் பெற்றார்.